ஒரு நாள் வைத்த தண்ணீர்

வண்ண மீன் கடைக்காரர்கள் தமிழ்நாடு முழுக்க ஒரே வாக்கியத்தைத்தான் சொல்லி அனுப்புகிறார்கள்: "குழாத் தண்ணிய ஒரு நாள் புடிச்சு வெச்சுட்டு ஊத்துங்க சார்." சென்னை கொளத்தூரில் ஜோடி ஆயிரம் ரூபாய்க்கு வாங்கினாலும் சரி, திருவிழாக் கடையில் பாலித்தீன் பையில் இரண்டு கோல்டு ஃபிஷ் வாங்கினாலும் சரி, மந்திரம் ஒன்றுதான். அது பொய் மந்திரம் இல்லை. ஆனால் வெயில் அடிக்கும் சமவெளியில், மொட்டை மாடி வாளிகளுக்குப் பக்கத்தில் பிறந்த மந்திரம். கடல் மட்டத்திலிருந்து 2,100 மீட்டர் உயரத்தில், பகல் பதினொரு மணிக்கும் மஞ்சு விலகாத கொடைக்கானலில் அது எவ்வளவு தூரம் செல்லுபடியாகும்? இந்தக் கேள்வியை நான் விரும்பிக் கேட்டுக்கொள்ளவில்லை. மூன்று மீன்கள் செத்த பிறகு கேட்க வேண்டியதாயிற்று.

நடந்தது ஒரு ஜனவரிக் காலையில். புத்தாண்டுக்கு முந்தைய வாரம் வீட்டுச் சம்புக்குள் நானே இறங்கிக் கழுவினேன். பாசி போக பிளீச்சிங் பவுடர் தூவித் தேய்த்தேன், அலசியது அரைகுறை. சம்ப் நிறைந்ததும் இரண்டு வாளி பிடித்து, தூசி விழக் கூடாதே என்று தட்டுப் போட்டு மூடி, குளியலறை மூலையில் கணக்காக ஒரு நாள் வைத்தேன். மறுநாள் மீன் தொட்டியில் பாதித் தண்ணீரை எடுத்துவிட்டு இதை ஊற்றினேன். அரை மணி நேரத்தில் ஐந்து மீன்களும் மேலே வந்து வாயைப் பிளந்து பிளந்து மூடின. மாலைக்குள் மூன்று மிதந்தன. பக்கத்து வீட்டுத் தம்பி எட்டிப் பார்த்துவிட்டு, "ஒரு நாள் வெச்சீங்களாண்ணே?" என்றுதான் கேட்டான். வைத்தேனே!

சந்தேகப்பட நாலைந்து பேர் இருந்தார்கள்: குளோரின், குளிர், தண்ணீரில் கரைந்திருந்த காற்று, மலைத் தண்ணீரின் மென்மை, என் அவசரம். ஒவ்வொருவராக விசாரிப்பதற்கு முன்னால் தண்ணீரின் பூர்வீகத்தைத் தெரிந்துகொள்ள வேண்டும்.

பழனி மலைத்தொடர் ஒரே மழையைப் பல ஊர்களுக்குப் பல தண்ணீராகப் பங்கு வைக்கிறது. கொடைக்கானல் நகரத்துக்கு அப்சர்வேட்டரி பக்கத்து நீர்த்தேக்கம் முக்கியமான ஊற்றுக்கண். பேரிஜம் ஏரி பெரியகுளத்துக்குக் குடிநீர் தருகிறது. கிழக்குச் சரிவின் ஓடைகள் ஆத்தூர் காமராஜர் அணையில் சேர்ந்து திண்டுக்கல்லுக்குப் போகின்றன. தெற்கே இறங்கும் ஆறுகள் வைகையோடு கலக்கின்றன. வைகை அணைத் தண்ணீர் பண்ணைப்பட்டியில் சுத்திகரிக்கப்பட்டு மதுரைக் குழாய்களுக்கு வருகிறது. ஆக, மதுரையில் மீன் வளர்ப்பவரின் வாளியிலும் இந்த மலையின் பங்கு கொஞ்சம் இருக்கிறது.

மேலே இருக்கும்வரை அது ஏறக்குறைய மழைநீர்தான். இந்த மலை பெரும்பாலும் சார்னோகைட் என்ற பழம்பாறையால் ஆனது. (கல்கத்தாவில் ஜோப் சார்னாக்கின் கல்லறைக்குப் போட்ட கல் சென்னைப் பல்லாவரத்துப் பக்கத்திலிருந்து போனது, அந்தக் கல்லறையை வைத்துத்தான் பாறைக்கே பெயர் வந்தது.) சுண்ணாம்புக் கல்லைப் போல இது தண்ணீரில் கரைந்து கொடுக்காது. அதனால் சோலைகளிலிருந்து கசிந்து வரும் நீரில் கால்சியமும் பைகார்பனேட்டும் மிகக் குறைவு. சோப்புப் போட்டால் நுரை போகவே போகாது. கொடைக்கானலுக்குச் சுற்றுலா வந்து குளித்தவர்களுக்கு இது தெரியும். கீழே இறங்கி, மண்ணில் ஊறி, போர்வெல் வழியாக வெளியே வரும்போது அதே மழை கடின நீராகிவிடுகிறது. திண்டுக்கல்லைச் சுற்றித் தோல் பதனிடும் தொழில் நிலத்தடி நீரில் ஏற்றிய உப்பு இன்னொரு கதை.

இடையில் ஒரு குழப்பத்தையும் தீர்த்துவிடலாம். ஊருக்கு நடுவே இருக்கும் நட்சத்திர வடிவ ஏரி, 1863-இல் மதுரைக் கலெக்டர் வீர் ஹென்றி லெவிஞ்சு ஓடையை மறித்துக் கட்டியது. அது படகு விடும் ஏரி. குழாயில் வருவது அதன் தண்ணீர் அல்ல. 2001-இல் மூடப்பட்ட வெப்பமானித் தொழிற்சாலையின் பாதரசம் ஏரி மீன்களில் இருப்பதை 2006-இல் வெளியான ஆய்வு ஒன்று காட்டியது. அதைக் கேள்விப்பட்டுக் குழாய்த் தண்ணீருக்குப் பயந்து, 'கன உலோகங்களை நீக்கும்' என்று எழுதிய புட்டியை இரண்டு மடங்கு ஊற்றுகிறவர்களை எனக்குத் தெரியும். அந்தப் புட்டி பாதரசத்துக்கு மருந்து என்று நம்ப வேண்டாம்.

முதல் சந்தேக நபர் குளோரின். இந்தியத் தர நிர்ணய அமைவனத்தின் 2012-ஆம் ஆண்டுக் குடிநீர்த் தரம், குழாயில் லிட்டருக்குக் குறைந்தது 0.2 மில்லிகிராம் குளோரின் மிச்சமிருக்க வேண்டும் என்கிறது. 1 மில்லிகிராம் வரை போகலாம். மனிதனுக்கு அது காவல். மீனுக்கோ செவுளின் மெல்லிய தோலை அரிக்கும் மருந்து. நன்னீர் உயிர்களைக் காக்க அமெரிக்கச் சுற்றுச்சூழல் முகமை 1980-களில் வகுத்த எல்லை, ஒரு மணி நேரச் சராசரிக்கு 0.019 மில்லிகிராம், நான்கு நாள் சராசரிக்கு 0.011. நமக்குக் குறைந்தபட்சம் வேண்டியதே மீனுக்குத் தாங்கும் அளவைப் போலப் பத்து மடங்கு. இதில் சமரசத்துக்கு இடமில்லை. நல்ல நகராட்சி என்றால் மீனுக்கு ஆபத்தான தண்ணீரைத்தான் தர வேண்டும்!

பெரிய சுத்திகரிப்பு நிலையங்களில் குளோரின் வாயுவாகச் சிலிண்டரிலிருந்து அளந்து செலுத்தப்படுகிறது. சின்ன ஊர்களிலும் மலைக் கிராமங்களிலும் மேல்நிலைத் தொட்டிக்கு பிளீச்சிங் பவுடர்தான். ஆயிரம் லிட்டருக்கு இரண்டரை கிராம் என்பது பொதுச் சுகாதாரப் புத்தகங்களின் கணக்கு. புதுப் பவுடரில் மூன்றில் ஒரு பங்கு குளோரின் இருக்கும். மூட்டை ஈரத்தில் கிடந்தால் வீரியம் இறங்கிக்கொண்டே போகும். வருஷத்தில் பாதி ஈரமாக இருக்கும் மலையில் இந்த மூட்டையும் அந்த மூட்டையும் ஒன்றாக இருக்காது. அதனால் குழாயில் குளோரின் எவ்வளவு என்பது ஊருக்கு ஊர், தெருவுக்குத் தெரு, கிழமைக்குக் கிழமை மாறும். காய்ச்சல் பரவுகிறது என்று செய்தி வந்த வாரத்தில் நிச்சயம் கூடும்.

"நான் பத்து வருஷமா நேரா குழாலேருந்து ஊத்துறேன், ஒண்ணும் ஆகல" என்று சொல்பவர்கள் எல்லா ஊரிலும் உண்டு. அவர்கள் பொய் சொல்லவில்லை. குழாயின் கடைக்கோடியில் இருக்கும் வீட்டுக்கு வருவதற்குள் குளோரின் பெரும்பாலும் செலவாகிவிடும். அதுவும் சில நாட்களுக்கு ஒரு முறை வந்து, சம்பில் இரண்டு நாள், சின்டெக்ஸ் டேங்கில் ஒரு நாள் தங்கிய பிறகுதான் வாளிக்கு வருகிறது. கடைக்காரர் சொன்ன 'ஒரு நாள்' வீட்டுக்குள்ளேயே கழிந்துவிடுகிறது. தொட்டிக்குள் விழுந்த குளோரினையும் அங்கே இருக்கும் பாசியும் கழிவும் கொஞ்சம் தின்றுவிடும். கால் பங்கு மட்டும் மாற்றினால் செறிவும் நான்கில் ஒன்றாகும். இத்தனை அதிர்ஷ்டங்கள் சேர்ந்ததுதான் அந்தப் பத்து வருஷம். தண்ணீர் வந்த உடனே பிடித்து ஊற்றும் ஒரு நாளில், அல்லது டேங்கைக் கழுவிய மறுநாளில், கணக்கு நேராகிவிடும்.

என் சம்பு அப்படித்தான். 5,000 லிட்டர் கொள்ளும். அலசலில் போகாமல் 15 கிராம் பவுடர், அதாவது ஒரு பெரிய கரண்டி, தங்கியிருந்தால் போதும். லிட்டருக்கு 1 மில்லிகிராம் குளோரின். பாதித் தொட்டி மாற்றினேன் என்பதால் மீன்களுக்குக் கிடைத்தது அரை மில்லிகிராம். தாங்கும் எல்லையைப் போல இருபத்தைந்து மடங்குக்கும் மேல்.

ஆனால் ஒரு நாள் வைத்தேனே, அது ஏன் போகவில்லை? இங்கேதான் மலைக்கும் சமவெளிக்கும் உள்ள வித்தியாசம். வாளித் தண்ணீரில் இருப்பது குளோரின் வாயு அல்ல. தண்ணீரில் கரைந்ததும் அது ஹைப்போகுளோரஸ் அமிலமாகவும் ஹைப்போகுளோரைட் அயனியாகவும் பிரிந்துவிடுகிறது. எது எவ்வளவு என்பதைக் காரகாடி எண், நாம் பி.எச். என்று சொல்வது, தீர்மானிக்கிறது. 7.5-இல் ஏறக்குறையப் பாதிக்குப் பாதி. 8-இல் அமிலம் கால் பங்கு, அயனி முக்கால் பங்கு. 6.5-இல் பத்தில் ஒன்பது பங்கு அமிலம். இதில் வெயிலுக்குச் சட்டென்று உடைவது அயனிதான். அமிலம் மெல்லத்தான் உடையும். ஆகவே திண்டுக்கல்லில் பி.எச். 8 உள்ள கடின நீரை மொட்டை மாடியில் திறந்து வைத்தால், உச்சி வெயில் ஒரு பகலுக்குள் வேலையை முடித்துவிடும். கொடைக்கானலில் மென்நீர், வெயில் மஞ்சுக்குப் பின்னால், குளிரில் ஆவியாவதும் மெதுவாகும், நான் தட்டுப் போட்டும் மூடியிருந்தேன். குளோரினுக்கு ஓர் இரவு தங்க அறை கொடுத்த மாதிரி.

இன்னொன்றும் இருக்கிறது. கிருமிகளையும் செவுளையும் வேகமாகத் தாக்குவது அயனியை விட அந்த அமிலம்தான். அதே அளவு குளோரின், மலைத் தண்ணீரில் கூர்மையாகக் கடிக்கும். கீழே வேறு எமன் காத்திருக்கிறான், அவன் அம்மோனியா. பி.எச். 8-இல் அம்மோனியாவின் விஷ வடிவம் நூற்றுக்கு ஐந்து பங்கு வரை போகும், 6.5-இல் நூற்றுக்குக் கால் பங்கு கூட வராது. மலையில் குளோரினுக்கும் தரையில் அம்மோனியாவுக்கும் அஞ்ச வேண்டும் என்று சொன்னால் கொஞ்சம் மிகைதான். ஆனால் எதை முதலில் சோதிப்பது என்பதற்கு உதவும்.

குளோரினைப் போக்க நம்பகமான வழி சோடியம் தயோசல்ஃபேட். கடைகளில் 'ஆன்டி குளோரின்' என்ற பெயரில் சொட்டு மருந்தாகவும் படிகமாகவும் கிடைப்பதில் பெரும்பாலும் இருப்பது இதுதான். பழைய போட்டோ ஸ்டுடியோக்காரர்கள் இதை 'ஹைப்போ' என்பார்கள். படம் கழுவிய பிறகு நிலைநிறுத்தும் உப்பு. கொடைக்கானல் சூரிய ஆய்வகம் இருபதாம் நூற்றாண்டின் தொடக்கத்திலிருந்து சூரியனைக் கண்ணாடித் தகடுகளில் படமெடுத்துச் சேர்த்து வைத்திருக்கிறது. அந்தக் காலத்துத் தகடுகளை இருட்டறையில் நிலைநிறுத்தியதும் ஹைப்போதான். ஆய்வகத்துப் பக்கத்து நீர்த்தேக்கத்திலிருந்து வரும் தண்ணீருக்கு நான் ஹைப்போ சொட்டு விடும்போதெல்லாம் இந்த ஒற்றுமை நினைவுக்கு வந்து சிரிப்பூட்டும்.

கணக்கு எளிது. 1 மில்லிகிராம் குளோரினுக்கு ஏறத்தாழ 7 மில்லிகிராம் ஹைப்போ படிகம். 100 கிராமை 1 லிட்டர் சுத்தமான தண்ணீரில் கரைத்து வைத்துக்கொண்டால், 1 மில்லியில் 100 மில்லிகிராம் இருக்கும். லிட்டருக்கு 1 மில்லிகிராம் குளோரின் உள்ள 20 லிட்டர் வாளிக்கு ஒன்றரை மில்லி போதும். குழாயின் மனநிலை தெரியாததால் நான் மூன்று மில்லி விடுகிறேன். நொடிகளில் வேலை முடிந்துவிடும். கலக்கிவிட்டு ஐந்து நிமிடம் கழித்து ஊற்றலாம். கொஞ்சம் கூடிப் போனால் பெரிய கெடுதல் இல்லை. கரைசலைக் கருப்புப் புட்டியில் வைத்து, சில மாதங்களுக்கு ஒரு முறை புதிதாகக் கரைப்பது நல்லது. பழசானால் வீரியம் குறையும். ஹோஸ் போட்டு நேராகத் தொட்டிக்குள் நிரப்புகிறவர்கள் மருந்தை முதலில் விட்டுவிட்டுத்தான் குழாயைத் திறக்க வேண்டும். அதுவும் புதிதாக வரும் தண்ணீருக்கு மட்டும் அல்ல, மொத்தத் தொட்டிக்கும் கணக்குப் போட்டு விட வேண்டும். வாளியில் செய்வதுதான் முதுகுக்குக் கேடு, மீனுக்கு நல்லது.

ஃபில்டரை மறக்கக் கூடாது. அம்மோனியாவைத் தின்று வாழும் பாக்டீரியா ஃபில்டர் பஞ்சில்தான் குடியிருக்கிறது. அழுக்காகிவிட்டதே என்று அதைக் குழாயடியில் பிழிகிறவர்கள், மீனுக்குக் கொடுக்காத குளோரினை இந்தக் கண்ணுக்குத் தெரியாத துப்புரவுப் பணியாளர்களுக்குக் கொடுக்கிறார்கள். இரண்டு நாளில் மீன் வாடும். பழி தண்ணீர் மேல் விழும். வாளியில் எடுத்த பழைய தொட்டித் தண்ணீரிலேயே பஞ்சை அலச வேண்டும்.

மாற்று வைத்தியங்கள் பல உலவுகின்றன. கல்லுப்புப் போட்டால் குளோரின் போய்விடும் என்பது தவறு; உப்பு வேறு சில விஷயங்களில் உதவும், நைட்ரைட் ஏறிய தொட்டியில் மீனைக் காக்கும், குளோரினைத் தொடாது. நீல நிற மெத்திலீன் புளூ பூஞ்சைக்கான மருந்து. சில ஆன்டி குளோரின் சொட்டுகளும் நீலமாக இருப்பதால் வந்த குழப்பம் இது. வைட்டமின் சி உண்மையிலேயே வேலை செய்யும், 1 மில்லிகிராம் குளோரினுக்கு இரண்டரை மில்லிகிராம். ஆனால் அது அமிலம். தாங்கு சக்தி இல்லாத மலைத் தண்ணீரில் பி.எச்.சை இன்னும் இறக்கிவிடும். அதிலும் சப்பிச் சாப்பிடும் ஆரஞ்சு மாத்திரையைப் பொடித்துப் போடுகிறவர்கள் மீனுக்குச் சர்க்கரையும் வாசனையும் சேர்த்துக் கொடுக்கிறார்கள்.

குளோரின் இருக்கிறதா என்று பார்க்க, சுகாதாரப் பணியாளர்கள் கையில் வைத்திருக்கும் குளோரோஸ்கோப் பெட்டி போதும். பழைய வகையில் ஆர்த்தோடாலிடின் சொட்டு விட்டால் தண்ணீர் மஞ்சளாகும், புதிய டி.பி.டி. வகையில் இளஞ்சிவப்பாகும். ஆர்த்தோடாலிடின் உடம்புக்கு நல்லதல்ல என்பதால் புதிய வகையையே வாங்க வேண்டும். ஒரு எச்சரிக்கை: இந்தப் பெட்டிகளில் மிகக் கீழ்ப் படியே மீனுக்கு அதிகம். ஆகவே நிறம் வரவில்லை என்பது பாதி நிம்மதிதான்.

வெளிநாட்டில் இருக்கும் உறவினர்களுக்கு இந்தக் கட்டுரையை அனுப்புவதாக இருந்தால் ஒரு பத்தி கூடுதல். சிங்கப்பூர், லண்டன், டொராண்டோ, சிட்னி, நம்மவர்கள் அதிகம் வாழும் இந்த ஊர்களின் குழாய்களில் வருவது குளோரமைன், அதாவது குளோரினும் அம்மோனியாவும் சேர்ந்து உருவாகும் சேர்மம். நீண்ட குழாய்களில் நீடித்து நிற்க வேண்டும் என்றே அப்படிச் செய்கிறார்கள். அங்கே ஒரு நாள் அல்ல, நாலு நாள் வைத்தாலும் தீராது. வெறும் ஹைப்போ விட்டால் குளோரின் போகும், அம்மோனியா தொட்டிக்குள் தங்கும். அம்மோனியாவையும் கட்டும் மருந்தைத்தான் வாங்க வேண்டும். நம் ஊரிலும் சாக்கடை கலந்த ஆற்று நீருக்குக் குளோரின் போடும்போது தானாகவே கொஞ்சம் குளோரமைன் உருவாகும்.

இனி குளிர். என் மீன்களின் விஷயத்தில் குளோரின் முதல் குற்றவாளி என்றால், குளிர் உடந்தை. ஜனவரியில் இங்கே குழாய்த் தண்ணீர் கையை வெட்டும். கோல்டு ஃபிஷ் குளிர் தாங்கும்; கப்பி, மோலி, ஃபைட்டர், ஏஞ்சல் தாங்காது. ஆனால் எந்த மீனானாலும் திடீரென்று ஐந்தாறு டிகிரி இறங்கினால் அதிர்ச்சிதான். இது எல்லோருக்கும் தெரிந்தது. பலருக்குத் தெரியாதது, குளிர்ந்த தண்ணீர் தன்னோடு கொண்டு வரும் காற்று.

குளிர்ந்த நீரில் காற்று அதிகம் கரையும். மேட்டுத் தொட்டியிலிருந்து சரிவில் இறங்கும் குழாயில் அழுத்தமும் அதிகம்; மலை ஊர்களில் கீழ்த்தெருக் குழாயைத் திறந்தால் பீய்ச்சி அடிப்பதைப் பார்த்திருப்பீர்கள். 10 டிகிரியில் காற்று நிறைந்த தண்ணீரை 24 டிகிரித் தொட்டிக்குள் ஊற்றினால், அந்த வெப்பத்தில் தங்கக்கூடியதை விட மூன்றில் ஒரு பங்கு அதிகக் காற்று அதில் இருக்கும். அது வெளியேறியாக வேண்டும். கண்ணாடியிலும் செடியிலும் முத்து முத்தாகக் குமிழ் ஒட்டுவது அதனால்தான். அழகாகத்தான் இருக்கும். அதே குமிழ் மீனின் துடுப்பிலும் செவுள் நாளங்களிலும் உருவானால் அதற்கு வாயுக்குமிழ் நோய் என்று பெயர். காற்று பத்து விழுக்காடு கூடினாலே ஆபத்து என்று மீன்வளத் துறையினர் எச்சரிக்கிறார்கள். கால் பங்கு மட்டும் மாற்றினால் இந்த எல்லைக்குள் நிற்கும்; பாதி மாற்றினால் தாண்டும். செத்த மீன்களில் ஒன்றின் வால் துடுப்பில் மணல் போல நுண்குமிழ்கள் இருந்ததை நான் அன்றைக்குப் பார்த்தேன். என்னவென்று புரியவில்லை.

உயரம் இன்னொரு கணக்கைப் போடுகிறது. இங்கே காற்றழுத்தம் கடல் மட்டத்தில் இருப்பதில் நூற்றுக்கு எழுபத்தெட்டு பங்குதான். மதுரையில் 30 டிகிரியில் சூடாக இருக்கும் தொட்டி, லிட்டருக்கு ஏழரை மில்லிகிராம் ஆக்சிஜன் தாங்கும். கொடைக்கானலில் ஹீட்டர் போட்டு 26 டிகிரியில் வைத்த தொட்டி தாங்குவது 6.3 தான். குளிர் ஊரில் ஆக்சிஜனுக்குப் பஞ்சமில்லை என்ற நினைப்பு ஹீட்டர் போடாதவர்களுக்கு மட்டும் பொருந்தும். செவுள் புண்பட்ட மீனுக்கு இந்தக் குறைவு இரட்டைத் தண்டனை. ஆகவே தண்ணீர் மாற்றும்போது ஏர் மோட்டாரை நிறுத்தக் கூடாது.

தீர்வு என்னவோ வீட்டுக்குள்ளேயே இருக்கிறது. வாளித் தண்ணீரில் காய்ச்சிய வெந்நீரைக் கலந்து தொட்டியின் வெப்பத்துக்குக் கொண்டு வந்து, காற்றுக் கல்லை வாளிக்குள் போட்டு ஒரு மணி நேரம் ஓட விடுவது. மிகுதிக் காற்று கொப்பளித்து வெளியேறிவிடும். காய்ச்சிய தண்ணீரில் காற்றும் குளோரினும் ஏற்கெனவே போயிருக்கும் என்பது கூடுதல் லாபம். இந்த உயரத்தில் தண்ணீர் 93 டிகிரிக்கே கொதித்துவிடும். பருப்பு வேகத்தான் தாமதமாகுமே தவிர இதற்குத் தடையில்லை.

மென்நீரின் சங்கடம் மெதுவாக வருவது. பைகார்பனேட் குறைவாக இருப்பதால் மலைத் தண்ணீருக்கு அமிலத்தைத் தாங்கும் சக்தி இல்லை. தொட்டியில் பாக்டீரியா அம்மோனியாவை மாற்றும்போது அமிலம் பிறக்கிறது. மாதக்கணக்கில் தண்ணீர் மாற்றாமல் விட்டால் பி.எச். 6-க்கும் கீழே சரியும். மீன்களும் பழகிக்கொள்ளும், அம்மோனியாவும் நஞ்சற்ற வடிவத்தில் தூங்கும். ஒரு நாள் மனசாட்சி உறுத்தி முக்கால் தொட்டியை மாற்றினால், பி.எச். ஒரேயடியாக ஏறி, தூங்கிய அம்மோனியா விழித்துக்கொள்ளும். 'தண்ணி மாத்தினதும் மீன் செத்துருச்சு' என்ற புலம்பலில் பாதி இந்த வகை. வாரம் ஒரு முறை கால் பங்கு என்ற பழக்கம் இங்கே சமவெளியை விட முக்கியமாகிறது.

தாங்கு சக்தியைக் கூட்ட ஃபில்டருக்குள் ஒரு கைப்பிடி கிளிஞ்சல் போட்டு வைக்கலாம். அமிலம் வரும்போது தானே கரைந்து கொடுக்கும். பவளத் துண்டு வேண்டாம். 2001 முதல் பவளங்கள் வனவிலங்குப் பாதுகாப்புச் சட்டத்தின் முதல் அட்டவணையில் இருக்கின்றன. சமையல் சோடாவும் உதவும், 100 லிட்டருக்கு 3 கிராம் போட்டால் கார்பனேட் கடினத்தன்மை ஏறத்தாழ ஒரு டிகிரி ஏறும். ஒரு நாளைக்கு அதற்கு மேல் வேண்டாம்.

மழைக் காலத்தில் குழாய் கலங்கலாக வரும்போது படிகாரம் சுழற்றும் வழக்கம் பல வீடுகளில் உண்டு. படிகாரம் மண்ணைப் படிய வைக்கும்போது பைகார்பனேட்டைத் தின்னும். மென்நீரில் அது தின்பதற்கே கொஞ்சம்தான் இருக்கிறது. குடிக்கும் குடத்துக்குச் சரி, மீன் வாளிக்கு வேண்டாம். பழைய முறைப்படி தேற்றாங்கொட்டையை உரசி வைப்பவர்கள் அரிதாகிவிட்டார்கள். நானோ துணியில் வடிகட்டி, படிய விட்டு, மேல் தண்ணீரை மட்டும் எடுக்கிறேன்.

ஏப்ரல், மே சீசனில் பிரையண்ட் பூங்காவில் மலர்க் கண்காட்சி நடக்கும்போது விடுதிகளுக்கு லாரித் தண்ணீர் ஓடும். வரவேற்பறையில் மீன் தொட்டி வைத்திருக்கும் விடுதிக்காரர்களுக்கு இதுதான் சோதனைக் காலம். ஒரு லாரி ஓடையிலிருந்து, அடுத்தது கிணற்றிலிருந்து. குளோரின் இருக்கலாம், சுத்தமாக இல்லாமலும் போகலாம். அங்கே ஆன்டி குளோரினை விட தண்ணீரில் கரைந்த உப்பைக் காட்டும் இருநூறு, முந்நூறு ரூபாய் டி.டி.எஸ். மீட்டர் அதிகம் உதவும். தொட்டியின் எண்ணுக்கும் லாரியின் எண்ணுக்கும் பெரிய இடைவெளி இருந்தால் சிறிது சிறிதாகத்தான் ஊற்ற வேண்டும்.

இதே இடைவெளி, கீழிருந்து வாங்கி வரும் மீனுக்கும் உண்டு. திண்டுக்கல்லின் கடின நீரில் வளர்ந்த கப்பி, வத்தலக்குண்டு தாண்டி மலைப் பாதையில் ஏறும்போது அதன் பாலித்தீன் பை சிப்ஸ் பாக்கெட்டைப் போல ஏறத்தாழக் கால் பங்கு உப்பிவிடும். மேலே அழுத்தம் குறைவு. கடையில் காற்றை முட்ட அடைக்க வேண்டாம் என்று சொல்ல வேண்டும். வீட்டுக்கு வந்ததும் பையைத் தொட்டியில் கால் மணி நேரம் மிதக்கவிட்டுத் திறப்பது வெப்பத்தைச் சமன் செய்யுமே தவிர உப்பைச் செய்யாது. கடின நீரிலிருந்து மென்நீருக்குப் போகும் மீனின் உடம்புக்குள் தண்ணீர் புகுந்து உப்பு வெளியேறும். ஈடுகட்டச் சிறுநீரகத்துக்கு நேரம் வேண்டும். மெல்லிய டியூபில் முடிச்சுப் போட்டு, சொட்டுச் சொட்டாக இரண்டு மணி நேரம் தொட்டித் தண்ணீரைச் சேர்க்கலாம்.

மாற்றி எடுத்த பழைய தண்ணீர் ரோஜாவுக்கும் ஹைட்ரேஞ்சியாவுக்கும் நல்ல உரம். ஓடையில் மட்டும் கொட்டக் கூடாது. அதில் கப்பிக் குஞ்சோ நத்தை முட்டையோ இருந்தால், கீழே ஒரு சோலை ஓடை முழுக்கப் பரவிவிடும். கெண்டை மீன் இந்த மலைகளுக்கு வந்த கதையும் மனிதர்கள் கொண்டு வந்து விட்ட கதைதான்.

மிஞ்சிய இரண்டு கோல்டு ஃபிஷ்களுக்கு இப்போது மூன்று வயது. வாளிக்கு மூன்று மில்லி ஹைப்போ, ஒரு செம்பு வெந்நீர், ஒரு மணி நேரம் காற்றுக் கல், கால் பங்குக்கு மேல் இல்லை; தட்டுப் போட்டு மூடுவதும் இல்லை. புல் மேல் உறைபனி வெள்ளையாகப் படியும் காலைகளில் தண்ணீர் மாற்றுவதையே தள்ளிப் போடுகிறேன். அந்தக் குளிரில் அவை தீவனத்தைத் திரும்பிக்கூடப் பார்ப்பதில்லை. தின்னாத மீன் தொட்டியை அழுக்காக்குவதும் இல்லை.